27 சீட்டு, 27 நட்சத்திரம்: கூட்டத்தையே எண்ண வைக்கும் சீட்டு வித்தையைச் செய்வது எப்படி

கூட்டத்திலிருந்து ஒருவர் வருகிறார். பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்கிறார். 27 சீட்டை அவரே கலைத்து, அதில் ஒன்றை எடுத்து எல்லோருக்கும் காட்டி, மறுபடி உள்ளே வைத்துக் கலைத்துத் தருகிறார். நீங்கள் சீட்டுகளை மூன்று வரிசையாகப் போடுகிறீர்கள். "உங்க சீட்டு எந்த வரிசையில இருக்கு?" என்று மட்டும் கேட்கிறீர்கள். இப்படி மூன்று முறை. பிறகு கூட்டம் முழுவதும் "அசுவினி, பரணி, கார்த்திகை" என்று சேர்ந்து சொல்ல, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சீட்டை இறக்கி வைக்கிறீர்கள். அவருடைய நட்சத்திரம் வரும்போது கையில் இருப்பது அவர் எடுத்த சீட்டு.

கைவேகமோ ஒளித்து வைத்த சீட்டோ இதில் கிடையாது, எல்லாம் கணக்கு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்த 21 சீட்டு வித்தையின் அண்ணன் இது. 21 சீட்டில், எடுத்த சீட்டு எப்போதும் 11ஆவது இடத்தில்தான் வந்து நிற்கும். 27 சீட்டில் அதை நீங்கள் விரும்பும் இடத்துக்கே கொண்டு போகலாம். அர்ச்சனைக்குப் பேர், நட்சத்திரம் சொல்லிச் சொல்லியே பழகிய கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர்ப் பக்கத்துக் கூட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான வித்தை கிடைப்பது அரிது. பத்துப் பேர் உள்ள வீட்டுக் கூடத்திலும் எடுபடும், முன்னூறு பேர் உள்ள பந்தலிலும் எடுபடும். கணக்கு எளிதுதான். சீட்டைத் திரும்ப எடுத்து அடுக்கும் விதத்தில்தான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள்.

1. சரியான 27 சீட்டைப் பிரித்து வையுங்கள்

ஒரு கட்டில் 52 சீட்டும் ஜோக்கர்களும் இருக்கும். ஆர்ட்டின் 13, ஸ்பேட் 13, ஒரு ஜோக்கர்: மொத்தம் 27. மற்றவை பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். இப்படிப் பிரிப்பதற்குக் காரணம் உண்டு. ஸ்பேடும் கிளாவரும் இரண்டும் கறுப்பு. மேடை வெளிச்சத்தில், கண்ணாடி எடுத்து வராத பெரியவருக்கு ஸ்பேட் ஏழும் கிளாவர் ஏழும் ஒன்றாகவே தெரியும். அவர் வரிசையை மாற்றிச் சொல்லிவிட்டால் வித்தை அத்தோடு போச்சு. ஒரு கறுப்பு, ஒரு சிவப்பு என்று இருந்தால் அந்தக் குழப்பம் வராது.

கடையில் பிரிட்ஜ் அளவு, போக்கர் அளவு என்று இரண்டு கிடைக்கும். உயரம் இரண்டுக்கும் 88 மில்லிமீட்டர். அகலம் பிரிட்ஜுக்கு 57, போக்கருக்கு 63. கை சிறியதாக இருந்தால் பிரிட்ஜ் வாங்குங்கள். தூரத்தில் இருப்பவர்களுக்கும் தெரிய வேண்டுமென்றால் போக்கர், அதிலும் எண் பெரிதாக அச்சிட்ட கட்டு. புதுக் கட்டைப் பிரித்த உடனே மேடைக்குக் கொண்டுபோகாதீர்கள். வழுக்கிக் கீழே சிதறும். இரண்டு மூன்று நாள் கையில் பழகட்டும்.

நமது பக்கத்துக் காற்றில் ஈரம் அதிகம். ஐப்பசி, கார்த்திகை மழையில் காகிதச் சீட்டு ஊறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இரண்டு சீட்டு ஒன்றாக விழுந்தால் எண்ணிக்கை 26 ஆகிவிடும். மழைக்காலத்துக்கு முழு பிளாஸ்டிக் கட்டு நல்லது. காகிதச் சீட்டுதான் இருக்கிறதென்றால், புதுக் காலணிப் பெட்டிக்குள் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தைச் சீட்டுப் பெட்டிக்குள் போட்டு வையுங்கள்.

பள்ளிக்கூடத்தில் செய்யப் போகிறீர்கள் என்றால் சீட்டுக்கட்டையே தவிர்ப்பது புத்திசாலித்தனம். "பிள்ளைங்க முன்னால சீட்டா?" என்று தலைமையாசிரியர் தயங்குவார், அந்தத் தயக்கம் நியாயமானது. 22க்கு 28 அங்குலத்தில் விற்கும் கெட்டிச் சார்ட் அட்டை ஒன்று வாங்குங்கள். 28 அங்குலப் பக்கத்தை ஏழாகவும் 22 அங்குலப் பக்கத்தை நான்காகவும் வெட்டினால் 4க்கு 5.5 அங்குலத்தில் 28 அட்டை வரும்: 27 வித்தைக்கு, ஒன்று உபரி. மாப்பிள்ளைச் சம்பா, சீரகச் சம்பா, தூயமல்லி, கறுப்புக் கவுனி என்று நெல் பெயர்களை எழுதலாம். ஊர்ப் பெயர், மீன் பெயர், பூப் பெயரும் எழுதலாம். மார்க்கர் பேனா மட்டும் வேண்டாம். மை பின்பக்கம் ஊறித் தெரியும். கிரேயானால் எழுதுங்கள், அல்லது தாளில் அச்சடித்து ஒட்டுங்கள்.

2. நட்சத்திரப் பலகையைத் தயார் செய்யுங்கள்

கூட்டம் தப்பில்லாமல் எண்ண ஒரு பலகை வேண்டும். அதே பலகைதான் உங்களுக்குக் கணக்கும் சொல்லித் தரப் போகிறது. ஆகவே வடிவத்தை மாற்றாதீர்கள். மூன்று பத்தி, பத்திக்கு ஒன்பது பெயர், மூன்று பெயருக்கு ஒருமுறை ஒரு விரல் இடைவெளி.

இடது பத்தி: அசுவினி, பரணி, கார்த்திகை / ரோகிணி, மிருகசீரிஷம், திருவாதிரை / புனர்பூசம், பூசம், ஆயில்யம்

நடுப் பத்தி: மகம், பூரம், உத்திரம் / அஸ்தம், சித்திரை, சுவாதி / விசாகம், அனுஷம், கேட்டை

வலது பத்தி: மூலம், பூராடம், உத்திராடம் / திருவோணம், அவிட்டம், சதயம் / பூரட்டாதி, உத்திரட்டாதி, ரேவதி

ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் 1 முதல் 27 வரை எண் போடுங்கள். இந்தப் பலகை இல்லாமல் கூட்டத்தை எண்ண விட்டால் பூரம் வந்ததும் சிலர் பூராடத்துக்குத் தாவுவார்கள்; உத்திரம், உத்திராடம், உத்திரட்டாதி மூன்றும் கலந்துவிடும். பூரட்டாதியை விட்டுவிட்டு ரேவதிக்குப் போகிறவர்களும் உண்டு.

வீட்டுக் கூடத்துக்கு ஒரு சார்ட் அட்டை போதும். பந்தலுக்கு 4 அடிக்கு 3 அடி ஃபிளெக்ஸ் அடியுங்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் கட்டாதீர்கள், நீங்களும் அதைப் பார்க்க வேண்டும். மேடையின் ஓரத்தில், கொஞ்சம் உங்கள் பக்கம் திருப்பி நிறுத்துங்கள்.

3. போடுவதும் எடுப்பதும்: வித்தையின் உயிர் இங்கேதான்

இந்தப் பகுதியைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள். வெறும் கண்ணால் படித்தால் புரிந்தது போலிருக்கும், மேடையில் கை தடுமாறும்.

போடும் முறை. கட்டு முதுகு மேலே இருக்கும்படி இடது கையில். மேலிருந்து ஒவ்வொரு சீட்டாக எடுத்து, முகம் தெரியத் திருப்பி, இடது, நடு, வலது என்று குறுக்கே வையுங்கள். நான்காவது சீட்டு மறுபடி இடது வரிசைக்கு வரும். முதல் சீட்டின் மேல் ஏறி, ஆனால் அதன் எண் தெரியும்படி உங்கள் பக்கமாகச் சற்றே இறங்கி விழ வேண்டும். இப்படியே 27 சீட்டும். ஒரு வரிசையை ஒன்பது சீட்டால் நிரப்பிவிட்டு அடுத்த வரிசைக்குப் போகக் கூடாது. புதிதாகப் பழகுகிறவர்கள் செய்யும் முதல் தவறு இது. அப்படிப் போட்டால் கணக்கு வேலையே செய்யாது. பின்னால் வரும் சீட்டை முந்திய சீட்டின் அடியில் செருகுவதும் கூடாது. கடைசிச் சீட்டு வலது வரிசையில் விழ வேண்டும். வேறு வரிசையில் விழுந்தால் சீட்டு குறைந்திருக்கிறது, அல்லது கூடியிருக்கிறது.

எடுக்கும் முறை. அவர் வரிசையைக் காட்டியதும், ஒவ்வொரு வரிசையையும் வரிசை கலையாமல் முகம் மேலே இருக்கும்படியே கூட்டுங்கள். முதலில் எடுக்கும் அடுக்கு கையில் இருக்கட்டும், இரண்டாவது அடுக்கை அதன் மேல் வையுங்கள், மூன்றாவதை அதற்கும் மேல். பிறகு கட்டு முழுவதையும் ஒரே முறை திருப்பி முதுகு மேலே கொண்டுவாருங்கள். அவர் காட்டிய அடுக்கை முதலில் எடுக்கிறீர்களா, நடுவில் எடுக்கிறீர்களா, கடைசியில் எடுக்கிறீர்களா என்பது ஒன்றுதான் இந்த வித்தையின் ரகசியம். மற்ற இரண்டு அடுக்கில் எது முன்னே, எது பின்னே என்பதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

எதை எப்போது எடுப்பது என்பதற்குப் பலகையைப் பாருங்கள். சொன்ன நட்சத்திரம்

– அதன் மூன்று பேர் கொண்ட குழுவுக்குள் முதலாவதா, நடுவா, கடைசியா? முதல் முறை போட்டு எடுக்கும்போது அப்படி எடுங்கள்.
– அந்தக் குழு பத்தியில் மேல் குழுவா, நடுக் குழுவா, அடிக் குழுவா? இரண்டாம் முறை அப்படி: மேல் என்றால் முதலில், அடி என்றால் கடைசியில்.
– அந்தப் பத்தி இடதா, நடுவா, வலதா? மூன்றாம் முறை அப்படி: இடது என்றால் முதலில், வலது என்றால் கடைசியில்.

சதயத்தை எடுத்துக்கொள்வோம். தஞ்சாவூர்ப் பக்கம் இராசராசனின் சதய விழாவால் அந்தப் பெயரைச் சொன்னாலே கூட்டம் நிமிர்ந்து உட்காரும். திருவோணம், அவிட்டம், சதயம் என்ற குழுவில் அது கடைசி, பத்தியில் அது நடுக் குழு, பத்தி வலது. ஆக, கடைசி, நடு, கடைசி. இப்படி மூன்று முறை எடுத்தால் சீட்டு மேலிருந்து 24ஆவது இடத்தில் வந்து நிற்கும். ரோகிணிக்கு முதல், நடு, முதல். விசாகத்துக்கு முதல், கடைசி, நடு. சித்திரைக்கு மூன்றும் நடு.

இது ஏன் நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் தவறைக் கண்டுபிடிப்பது எளிது. முதல் முறை அவர் வரிசையைக் காட்டியதும் 27இல் 9 சீட்டாகத் தேடல் சுருங்குகிறது. அந்த ஒன்பதும் அடுத்த முறை போடும்போது வரிசைக்கு மூன்றாகப் பிரிந்து விழும். அவர் காட்டியதும் 3 ஆகிறது. அந்த மூன்றும் மூன்றாம் முறை வரிசைக்கு ஒன்றாக விழும். அவர் காட்டியதும் ஒன்றே ஒன்று. நீங்கள் எடுக்கும் வரிசைமுறை, அந்த ஒன்றை எந்த இடத்தில் நிறுத்துவது என்பதை மட்டும் முடிவு செய்கிறது.

ஜோதிடம் தெரிந்தவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. பலகையின் ஒவ்வொரு குறுக்கு வரியும் ஒரே கிரகத்தின் மூன்று நட்சத்திரம்: கேதுவுக்கு அசுவினி, மகம், மூலம், சுக்கிரனுக்கு பரணி, பூரம், பூராடம், இப்படியே புதனின் ஆயில்யம், கேட்டை, ரேவதி வரை. கிரகம் தெரிந்தால் முதல் இரண்டு எடுப்பும் தெரிந்துவிடும். சூரியனார்கோயில், திங்களூர், ஆலங்குடி என்று ஒன்பது கோயிலும் சுற்றி வந்த ஊர்க்காரர்களுக்கு இது சட்டென்று மனதில் நிற்கும்.

மூன்றாம் முறை போட்ட பிறகு ஒரு நல்ல பாதுகாப்பு உங்களுக்குக் கிடைக்கிறது. அவர் காட்டும் வரிசையில், பலகையில் நட்சத்திரம் எத்தனையாவது வரியில் இருக்கிறதோ அத்தனையாவது சீட்டுதான் அவருடையது. சதயம் ஆறாவது வரி, ஆகவே அந்த வரிசையில் முதலில் விழுந்ததிலிருந்து ஆறாவது சீட்டு. எடுப்பதற்கு முன் ஒரு பார்வை பார்த்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் கூட்டம் எண்ணிக்கையைக் குழப்பினாலும் சீட்டின் பெயர் உங்களுக்குத் தெரியும்.

4. எவ்வளவு பழக வேண்டும்

முதல் இரண்டு நாள் மூன்று நட்சத்திரம் மட்டும்: ரோகிணி, சித்திரை, சதயம். பிறகு சீட்டைக் கலைத்துப் போட்டு, பலகையில் கண்ணை மூடி விரல் வைத்த நட்சத்திரத்துக்குச் செய்யுங்கள். இருபது முறை தொடர்ந்து தவறாமல் வந்தால் கணக்கு முடிந்தது. அடுத்தது வேகம். 27 சீட்டையும் 30 வினாடிக்குள் போட வேண்டும். அதைவிட மெதுவாகப் போட்டால் மூன்று முறையும் பார்க்கிற கூட்டம் கைபேசியை எடுத்துவிடும்.

எடுக்கும் வரிசையை மனதுக்குள் பாட்டுப் போலச் சொல்லிக்கொள்ளுங்கள்: கடைசி, நடு, கடைசி. வாய் பேசிக்கொண்டிருக்கும்போதே இது மறக்காமல் இருக்கப் பழகுவதுதான் கடினம். வீட்டில் யாரையாவது எதிரே உட்கார வைத்து, சீட்டு போடும்போது இடைவிடாமல் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். ஒரு வாரம் போதும், தினம் அரை மணி நேரம்.

5. கடிதமும் அனுமதியும்

வீட்டு விசேஷத்துக்கு எதுவும் தேவையில்லை. மற்ற இடங்களுக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதிக்கொண்டு போங்கள். இரண்டு பிரதி, ஒன்றில் தேதியோடு கையொப்பமும் முத்திரையும் வாங்கி உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தில் இருக்க வேண்டியவை: உங்கள் பெயர், முகவரி, நிகழ்ச்சி நாள், எத்தனை நிமிடம், என்ன பொருள் கொண்டுவருகிறீர்கள், எத்தனை பேரை மேடைக்கு அழைப்பீர்கள், பணமோ பந்தயமோ எதுவும் இல்லை என்ற ஒரு வரி.

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். திருவிழாக் கூட்டத்தில் சீட்டை விரித்தாலே மூணு சீட்டுக்காரன் என்று சந்தேகப்படுவார்கள். 1930ஆம் ஆண்டின் தமிழ்நாடு சூதாட்டச் சட்டம் இருக்கிறது. மேசையில் பத்து ரூபாய் நோட்டுகூட இருக்கக் கூடாது. "சரியா வந்தா நூறு ரூபா" என்று யாராவது விளையாட்டாகச் சொன்னால் அங்கேயே சிரித்து மறுத்துவிடுங்கள்.

திருவிழா மேடை என்றால் காவல் நிலைய அனுமதியையும் ஒலிபெருக்கி அனுமதியையும் விழாக் குழுவே வாங்கும். நீங்கள் அதன் நகலைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. உங்கள் பெயரை ஒன்பதேமுக்காலுக்குப் போட்டிருந்தால் முன்னால் மாற்றச் சொல்லுங்கள். கோயில் வளாகத்துக்குள் சீட்டு வேண்டாம். செயல் அலுவலர் சரி என்றாலும் ஊரில் சிலருக்கு மனம் கோணும். வெளி மேடையில் செய்யுங்கள், இல்லாவிட்டால் நெல் பெயர் எழுதிய அட்டையைப் பயன்படுத்துங்கள்.

பிள்ளைகளைப் படமோ வீடியோவோ எடுக்கப் போகிறீர்கள் என்றால் பள்ளி மூலமாகப் பெற்றோர் சம்மதத்தை எழுத்தில் முன்கூட்டியே வாங்குங்கள். நிகழ்ச்சி முடிந்த பிறகு கேட்பது பயன்படாது.

6. செலவு

பெரிய செலவு எதுவும் இல்லை. சாதாரணக் கட்டு இரண்டு வாங்குங்கள், ஒரே பின்பக்க வடிவத்தில். ஒரு சீட்டு தொலைந்தாலோ மடங்கினாலோ இரண்டாவது கட்டிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். வெளிநாட்டுக் கட்டுக்கு அதிகம் செலவழிக்கத் தேவையில்லை. அது கைவேகம் காட்டுகிறவர்களுக்கு உதவும், இந்த வித்தைக்கு இல்லை. ஒரு மீட்டர் கரும்பச்சை வெல்வெட் அல்லது கம்பளித் துணி கட்டாயம் வாங்குங்கள். வழவழப்பான மேசையில் சீட்டைக் கூட்டி எடுப்பது பெரும்பாடு. மேசை இரண்டடிக்கு ஒன்றரை அடி இருந்தால் போதும். ஒன்பது சீட்டு, ஒவ்வொன்றும் இரண்டு சென்டிமீட்டர் தெரியும்படி ஏறினால், வரிசை 25 சென்டிமீட்டர்தான் நீளும்.

ஃபிளெக்ஸுக்குச் சதுர அடிக் கணக்கில் வாங்குவார்கள். எழுத்துப்பிழை பார்க்காமல் அச்சுக்கு விடாதீர்கள். மிருகசீரிஷமும் உத்திரட்டாதியும் அடிக்கடி தப்பாக வரும்.

சம்பளம் பேசியிருந்தால் பாதியை முன்பணமாக வாங்கி, ரசீது எழுதிக் கொடுங்கள். காசோலையாகத் தரும் இடத்தில் பான் எண் கேட்பார்கள், நகல் ஒன்று கையில் இருக்கட்டும்.

7. நேரம், இடம், காற்று

ஒருமுறை செய்ய ஆறு, ஏழு நிமிடம் ஆகும். அறிமுகம் ஒரு நிமிடம், சீட்டு தேர்வு ஒன்றரை, மூன்று முறை போட்டு எடுக்க மூன்று, எண்ண ஒரு நிமிடம். கல்யாண வரவேற்பில் முதல் பந்திக்கு இலை போடுவதற்கு முன்பு முடித்துவிடுங்கள். "சாப்பிட வாங்க" என்ற குரல் கேட்டால் பாதிக் கூடம் காலியாகும். காணும் பொங்கல் விளையாட்டு விழாவில் உறியடிக்கும் பரிசளிப்புக்கும் நடுவே கேளுங்கள். பரிசளிப்புக்குப் பின் நிற்க ஆள் இருக்காது.

ஆடி மாதம் திறந்தவெளியில் வேண்டவே வேண்டாம். ஆடிப்பெருக்குக்கு ஆற்றங்கரையில் செய்யும் ஆசை எல்லோருக்கும் வரும், ஆனால் அந்தக் காற்றுக்கு 27 சீட்டும் காவிரியில்தான். தவிர்க்க முடியாவிட்டால் கெட்டி அட்டைச் சீட்டும், மூன்று பக்கம் மறைப்பும் வேண்டும். பந்தலில் மின்விசிறிக்கு நேர் கீழே மேசை போடாதீர்கள்.

ஐம்பது பேருக்கு மேல் இருந்தால் மேசையில் நடப்பது பின்வரிசைக்குத் தெரியாது. கைபேசியை மேலே இருந்து பார்க்கும்படி ஒரு தாங்கியில் பொருத்தித் திரையில் காட்டுங்கள். அது முடியாத இடத்தில் 4க்கு 5.5 அங்குல அட்டையை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டிவிட்டு வையுங்கள்.

8. மேடையில் சொல்ல வேண்டியது, செய்ய வேண்டியது

சீட்டு எடுக்க ஒருவர், சாட்சிக்கு ஒருவர்: இரண்டு பேரைக் கூப்பிடுங்கள். சாட்சி மிக முக்கியம். எடுத்தவர் பதற்றத்தில் தன் சீட்டையே மறந்துவிடுவார். சீட்டு எடுப்பவர் நடுவயதுக்காரராக இருந்தால் நல்லது. சாட்சிக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. அவர்களுக்குக் கண் கூர்மை.

நட்சத்திரத்தை முதலிலேயே, பெயரோடு சேர்த்துக் கேட்டுவிடுங்கள். முதல் முறை சீட்டு போட்ட பிறகு கேட்டால் விவரம் தெரிந்தவர் பிடித்துவிடுவார்.

"வாங்கண்ணே, பேரு என்ன? நட்சத்திரம்?"
"சதயம்."
"சதயம்! அந்தா இருக்கு, இருபத்துநாலாவது. எல்லாரும் ஒரு தடவ பாத்துக்குங்க."

பலகையைக் கையால் காட்டும் அந்த நேரத்தில்தான் கடைசி, நடு, கடைசி என்று நீங்கள் படித்துக்கொள்கிறீர்கள்.

நட்சத்திரத்தைப் பலர் முன்னால் சொல்லச் சிலருக்குப் பிடிக்காது, வற்புறுத்தக் கூடாது. சாமி நட்சத்திரம் ஒன்றைச் சொல்லச் சொல்லுங்கள்: கண்ணனுக்கு ரோகிணி, ஆண்டாளுக்குப் பூரம், முருகனுக்கு விசாகம். நாகூர், வேளாங்கண்ணிப் பக்கம் பல மதத்தினரும் இருக்கும் கூட்டத்தில் நட்சத்திரமே வேண்டாம். பலகையில் 1 முதல் 27 வரை எண்ணை மட்டும் எழுதி, "ஒரு நம்பர் சொல்லுங்க" என்று கேளுங்கள். கூட்டம் எண்களைச் சொல்லும். வித்தையின் பலம் ஒரு துளியும் குறையாது.

பிறகு கட்டை அவரிடம் கொடுத்து நன்றாகக் கலைக்கச் சொல்லுங்கள். ஒரு சீட்டை எடுத்துச் சாட்சிக்கும் கூட்டத்துக்கும் காட்டச் சொல்லிவிட்டு, நீங்கள் முதுகைக் காட்டி நில்லுங்கள். சீட்டை உள்ளே வைத்து அவரே மறுபடி கலைக்கட்டும். கட்டை நீங்கள் வாங்கும்போது அடிச் சீட்டு கண்ணில் படாமல் வாங்குங்கள், நீங்கள் பார்த்துவிட்டீர்கள் என்ற சந்தேகம் வரக் கூடாது.

மூன்று முறை போட்டு எடுக்கும்போது வெறுமனே நிற்காதீர்கள். ஒவ்வொரு முறையும் சாட்சியிடமும் கேளுங்கள்: "தம்பி, நீயும் பாத்தியா? அண்ணன் சொன்ன வரிசைதானா?" முதல் முறை போட்ட பிறகு யாராவது "நடுவுல ஒரு தடவ கலைக்கட்டுமா?" என்பார்கள். "கலைக்கிற நேரம் முடிஞ்சுது, இனிமே சீட்டு என் கையிலதான்" என்று சொல்லி நகர்ந்துவிடுங்கள்.

கடைசியில், "அசுவினியில ஆரம்பிங்க, எல்லாரும் சேர்ந்து" என்று கூட்டத்தை எண்ண வையுங்கள். ஒரு பெயருக்கு ஒரு சீட்டு, முகம் தெரியாமல். பெயர் முழுதாக வந்த பிறகுதான் சீட்டு கையை விட வேண்டும். 24ஆவது சீட்டைத் திருப்பாமல் உயர்த்திப் பிடித்து, "இப்ப சொல்லுங்கண்ணே, என்ன சீட்டு?" என்று கேளுங்கள். அவர் சொன்ன பிறகே திருப்புங்கள். இந்த ஒரு நொடிக்காகத்தான் இத்தனையும். அவசரப்பட்டு முன்னாலேயே திருப்பினால் கைதட்டல் பாதியாகிவிடும்.

அசுவினி, பரணி என்று ஆரம்பத்து நட்சத்திரம் வந்தால் எண்ணுவதற்கே இருக்காது. அப்போது கட்டை அவர் கையிலேயே கொடுத்து அவரையே எண்ணி எடுக்கச் சொல்லுங்கள். ரேவதி வந்தால் உங்களுக்கு யோகம்: 27 பெயரையும் கூட்டம் பாடி முடிக்க, கையில் கடைசியாக மிஞ்சும் ஒரே சீட்டு அதுதான்.

9. தவறினால்

சீட்டு வேறாக வந்தால் மூன்றில் ஒன்று நடந்திருக்கும். கூட்டம் ஒரு பெயரை விட்டிருக்கும். இதற்குத்தான் மூன்றாம் முறையில் சீட்டைப் பார்த்து வைத்தீர்கள். "எண்ணிக்கை போனா போகட்டும், உங்க சீட்டு ஸ்பேட் ராணி" என்று நேராகச் சொல்லிக் கட்டிலிருந்து எடுத்துக் காட்டுங்கள். அல்லது நீங்கள் ஒரு முறை தவறான வரிசையில் எடுத்திருப்பீர்கள். இரண்டாம் எடுப்பு வரை சரியாக இருந்து மூன்றாவது மட்டும் தவறியிருந்தால், பார்த்து வைத்த சீட்டு அப்போதும் சரிதான். அதே வழியில் தப்பிக்கலாம். மூன்றாவது, அவர் வரிசையை மாற்றிச் சொல்லியிருப்பார். அதற்கு மருந்து இல்லை. "ஒரு வரிசை மாறியிருக்கு, மறுபடி பாப்போம்" என்று மென்மையாகச் சொல்லி முதலிலிருந்து தொடங்குங்கள். தவறு அவருடையது என்று கூட்டத்தின் முன் நிறுத்தாதீர்கள். கூப்பிட்ட குரலுக்கு எழுந்து வந்தவர் அவர்.

10. முடிந்த பிறகு

"இன்னொரு தடவ" என்று கேட்பார்கள். அதே கூட்டத்துக்கு ஒரே நாளில் மறுமுறை செய்யாதீர்கள். எடுக்கும் வரிசை ஒவ்வொரு முறையும் மாறுவதைக் கவனிக்கிறவர் ஒருவராவது இருப்பார்.

இறங்கி வந்ததும் யாராவது ஓரமாகக் கூப்பிட்டு, மகளுக்கு எப்போது கல்யாணம் கூடும், பையனுக்கு வேலை எப்போது கிடைக்கும் என்று கேட்கக்கூடும். நட்சத்திரம் கேட்டீர்கள் அல்லவா, ஏதோ தெரிந்தவர் என்று நினைத்துவிடுவார்கள். "இது கணக்கும்மா, ஜோசியம் இல்ல" என்று உடனே, தெளிவாகச் சொல்லுங்கள். கவலையோடு வருகிறவரிடம் விளையாட்டாகக்கூட எதையும் கணித்துச் சொல்லாதீர்கள், காசும் வாங்காதீர்கள்.

பைக்குள் வைப்பதற்கு முன் சீட்டை எண்ணுங்கள். மேடையில் ஆர்வத்தில் ஏதாவது ஒரு பிள்ளை சீட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு இறங்கியிருக்கும். 27 இருந்தால் பெட்டியை மூடலாம். இல்லையென்றால் கூட்டம் கலைவதற்குள் மைக்கில் கேட்டு வாங்கிவிடுங்கள்.